பத்தாம் வகுப்புக்குப் பின், பிளஸ் ஒன்னுக்கு முன்: நுண்கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆயத்தம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் கணிதம் இரண்டு தொகுதிகளில் பன்னிரண்டு பாடங்களாக அமைந்துள்ளது. எல்லைகள், வகையிடல், தொகையிடல் மூன்றும் இரண்டாம் தொகுதியில் 9, 10, 11ஆம் பாடங்கள். வரிசை மாறாமல் நடத்தும் பள்ளியில் அவை கரும்பலகைக்கு வரும்போது கல்வியாண்டில் பாதிக்கு மேல் கடந்திருக்கும். இயற்பியலிலோ இரண்டாவது அலகே இயக்கவியல். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே, திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு என்று ஆசிரியர் எழுதிவிடுவார். வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் பற்றிச் சில பக்கங்கள் அந்த அலகுக்குள்ளேயே தரப்பட்டுள்ளன. ஆனால் கணித நூல் மூன்று பாடங்களில் விரித்துச் சொல்வதை ஓரிரு பாடவேளைகளில் உள்வாங்குவது எந்த மாணவருக்கும் கடினம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே வகைக்கெழு பதினொன்றாம் வகுப்பு நூலின் இறுதிப் பகுதியில் வருகிறது; தொகையிடல் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிப்போகிறது.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர் பிளஸ் ஒன் முதல் தேர்வில் இயற்பியலில் சறுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இயற்பியல் தனக்கு வராது என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் அவரைத் தடுத்தது இன்னும் கற்பிக்கப்படாத கணிதம். பொதுத்தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்வரை கிடைக்கும் கோடை விடுமுறையில் பிளஸ் ஒன் நூலை முன்கூட்டியே முடித்துவிட முயல்வது வீண். அதற்குப் பதில் இரண்டு வேலைகளைச் செய்தால் போதும். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தடுமாற்றமில்லாமல் செய்யும் அளவுக்குப் பழகிவிட வேண்டும். வகைக்கெழு, தொகையீடு ஆகியவற்றின் பொருளை, விதிகளைத் தொடுவதற்கு முன்பே, ஒரு பொருளின் இயக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இயற்கணிதம்

நுண்கணித விடைத்தாள்களில் காணும் பிழைகளில் பெரும்பகுதி நுண்கணிதப் பிழைகளே அல்ல. வகையிடும் விதி சரியாக இருக்கும். அடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது கணக்கு கெட்டிருக்கும். கூட்டலின் வர்க்கத்தை விரிக்கையில் நடு உறுப்பை விட்டுவிடுவது, பின்னத்தின் தொகுதியில் கூட்டலாக நிற்கும் ஓர் உறுப்பைப் பகுதியில் உள்ளதோடு அடித்துவிடுவது, அடைப்புக்குறிக்கு முன்னுள்ள கழித்தல் குறியை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுப்பது ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வருபவை.

அடுக்குக்குறி விதிகளுக்குத் தனிக் கவனம் தேவை. வர்க்கமூலத்தை அடுக்கு 1/2 என்றும், வர்க்கமூலத்தின் தலைகீழை அடுக்கு −1/2 என்றும் உடனே மாற்றி எழுதத் தெரியாவிட்டால் அடுக்கு விதியைக் கொண்டு அவற்றை வகையிட முடியாது. இயற்பியலில் பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுக்கும் பழக்கம் முதல் அலகிலிருந்தே வேண்டியிருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தின் கணித, இயற்பியல் தேர்வுகளில் கால்குலேட்டருக்கு இடமில்லை. இயற்பியல் கணக்குகளுக்கு மடக்கை அட்டவணைதான் துணை. கோடையில் ஒரு வாரம் மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பெருக்கவும் வகுக்கவும் மூலம் காணவும் பழகியவருக்கு, செய்முறை வகுப்பில் மற்றவர்கள் திணறும் நேரம் முழுவதும் மிச்சமாகும்.

சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது இன்னொரு அடிப்படைத் திறன். தனி ஊசலின் அலைவு நேரத்துக்கான சூத்திரத்தில் ஊசலின் நீளமும் ஈர்ப்பு முடுக்கமும் வர்க்கமூலத்துக்குள் இருக்கும். அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைத் தனியே பிரித்தெடுக்க இருபுறமும் வர்க்கப்படுத்தி, குறுக்கே பெருக்கி, வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இயற்பியல் பாடங்களில் உள்ள ஒவ்வொரு சூத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு கணியத்தையும் ஒருமுறை எழுவாயாக்கி எழுதிப் பார்ப்பது சிறந்த பயிற்சி. எண்களை முதல் வரியிலேயே போட்டுவிடாமல், குறியீடுகளைக் கொண்டே கடைசிவரை சென்று முடிவில் எண்ணைப் பதிலிடும் பழக்கமும் இதோடு சேர்ந்தே வந்துவிடும்.

வரைபடம்

பத்தாம் வகுப்பில் சாய்வு என்பது நேர்க்கோட்டுக்கு உரிய ஓர் எண். பிளஸ் ஒன்னில் வளைகோட்டுக்கும் சாய்வு உண்டு. அது புள்ளிக்குப் புள்ளி மாறும். இந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு வகைக்கெழு அந்நியமாகத் தோன்றாது. வரைபடத் தாளில் நேர்க்கோடு, பரவளையம், மூன்றாம் அடுக்கு வளைவு, தலைகீழ்ச் சார்பு, வர்க்கமூலம், சைன், கொசைன் ஆகியவற்றைக் கையால் வரைய வேண்டும். கைபேசிச் செயலி ஒரு நொடியில் வரைந்துகொடுக்கும் என்றாலும், புள்ளி புள்ளியாக மதிப்பு கண்டு வரைந்தவருக்கே வளைவு எங்கே செங்குத்தாக ஏறுகிறது, எங்கே தட்டையாகிறது என்பது மனத்தில் நிற்கும்.

பிறகு இயக்க வரைபடங்களுக்கு வரலாம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்தை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், பந்தின் உயரம் காலத்தின் 20 மடங்கிலிருந்து காலத்தின் வர்க்கத்தின் 5 மடங்கைக் கழித்தால் கிடைக்கும். 1 நொடியில் 15 மீட்டர், 2 நொடியில் 20 மீட்டர், 3 நொடியில் மறுபடி 15 மீட்டர், 4 நொடியில் தரை. உயரத்தின் வரைபடம் கவிழ்ந்த பரவளையம். திசைவேகத்தின் வரைபடம் 20இல் தொடங்கி, 2 நொடியில் பூச்சியத்தைக் கடந்து, 4 நொடியில் −20ஐத் தொடும் நேர்க்கோடு. முடுக்கத்தின் வரைபடம் முழுவதும் −10இல் கிடக்கும் கிடைக்கோடு.

இந்த மூன்று படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, காலக்கோடு பொருந்துமாறு வரைந்து பார்ப்பது பல பக்கங்களை வாசிப்பதைவிட மேல். உச்சியில் பந்தின் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் பூச்சியம் என்று சொல்பவர்களே அதிகம். அங்கே பூச்சியமாவது திசைவேகம் மட்டும். முடுக்கம் −10 ஆகவே இருப்பதால்தான் பந்து அந்தரத்தில் நிற்காமல் திரும்புகிறது. உயர வரைபடம் உச்சியில் தட்டையாக இருப்பதும், திசைவேகக் கோடு அதே நொடியில் அச்சைக் கடப்பதும் ஒரே செய்தியின் இரண்டு தோற்றங்கள். முதல் இரண்டு நொடிகளில் திசைவேகக் கோட்டின் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பு 1/2 × 2 × 20 = 20; பந்து ஏறிய உயரமும் அதேதான். வகையிடலும் தொகையிடலும் இந்தப் படத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இனி அவற்றுக்கு முறைப்படி பெயர் கொடுப்பதே பாக்கி.

வகைக்கெழு

அதே பந்தின் வேகம் சரியாக 1 நொடியில் எவ்வளவு? வேகம் காண இரண்டு கணங்கள் வேண்டும். கேள்வியோ ஒரு கணத்தைப் பற்றியது. 1 நொடிக்கும் 1.1 நொடிக்கும் இடையில் பந்து 15 மீட்டரிலிருந்து 15.95 மீட்டருக்கு ஏறுகிறது. சராசரித் திசைவேகம் 9.5. இடைவெளியை 1.01 நொடி வரை சுருக்கினால் உயரம் 15.0995, சராசரி 9.95. இன்னும் சுருக்கி 1.001 வரை எடுத்தால் 9.995. எண்கள் 10ஐ நெருங்குகின்றன. இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை முழுமையாகச் செய்து முடித்த மாணவருக்கு எல்லை என்ற கருத்து அச்சம் தராது.

அடுத்த படி, இடைவெளிக்கு எண் கொடுக்காமல் ஒரு குறியீடு வைத்து அதையே செய்வது. கூட்டலின் வர்க்கத்தை விரித்துச் சுருக்கினால், ஏறிய உயரம் இடைவெளியின் 10 மடங்கிலிருந்து இடைவெளி வர்க்கத்தின் 5 மடங்கு குறைந்ததாக வரும். இடைவெளியால் வகுத்தால் மிஞ்சுவது, 10இலிருந்து இடைவெளியின் 5 மடங்கு குறைந்தது. இப்போது இடைவெளி பூச்சியத்தை நெருங்கட்டும், விடை 10. வகுப்பதற்கு முன்பே பூச்சியத்தைப் பதிலிட்டிருந்தால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்திருக்கும். முதலில் சுருக்கு, பிறகு நெருங்கவிடு என்ற இந்த வரிசையே பிளஸ் ஒன் எல்லைக் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் உயிர். இதற்குத் தேவைப்பட்ட கருவி முழுவதும் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் என்பதையும் கவனிக்கலாம்.

பொருள் தெளிந்தபின் விதிகள் எளிது. இயற்பியலின் முதல் சில மாதங்களுக்கு அடுக்கு விதி, கூட்டல் விதி, மாறிலியால் பெருக்கும் விதி, சைன், கொசைன் ஆகியவற்றின் வகைக்கெழுக்கள் போதும். அலைவுகள் பாடம் வரும்போது சங்கிலி விதி சேர்ந்துகொள்ளும். சைன் சார்பை இருமுறை வகையிட்டால் அதே சார்பு எதிர்க்குறியோடும் ஒரு மாறிலிப் பெருக்கத்தோடும் திரும்பி வருவதே தனிச்சீரிசை இயக்கத்தின் அடிப்படை. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, உட்படு சார்புகளின் வகையிடல் போன்றவற்றைக் கணித வகுப்பு உரிய நேரத்தில் கற்றுத்தரும். அவற்றைக் கோடையில் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு.

பாடநூல்கள் பயன்படுத்தும் வகைக்கெழுக் குறியீடு லைப்னிட்ஸ் வகுத்தது; அவர் தம் முறையை 1684இல் வெளியிட்டார். நியூட்டன் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தம் முறையைக் கண்டடைந்திருந்தார். காலத்தைப் பொறுத்த வகைக்கெழுவுக்கு எழுத்தின் மேல் புள்ளி வைப்பது அவர் வழி. உயர்நிலை நூல்களில் இரண்டும் வரும்; பொருள் ஒன்றே.

தொகையீடு

இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் பத்தாம் வகுப்பு வருவதற்குள்ளேயே மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். முடுக்கம் மாறாதபோது மட்டுமே அவை செல்லும் என்ற நிபந்தனை பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. ஓய்விலிருந்து புறப்படும் ஒரு வண்டியின் முடுக்கம் காலத்தின் இருமடங்காகக் கூடிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொண்டால், 3 நொடியில் முடுக்கம் 6. அந்த 6ஐப் பழைய சமன்பாட்டில் போட்டால் கடந்த தொலைவு 27 மீட்டர் என்று வரும். சரியான விடை 9 மீட்டர். முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம் காலத்தின் வர்க்கமாகக் கிடைக்கும். அதை மறுபடி தொகையிட்டால் தொலைவு காலத்தின் மூன்றாம் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு. மும்மடங்கு பிழை எங்கிருந்து வந்தது என்று யோசித்துத் தெளிவது, தொகையீடு எதற்கு என்ற கேள்விக்கு நேரடி விடை.

தொகையீட்டை வளைகோட்டின் கீழுள்ள பரப்பாகவே முதலில் பார்ப்பது நல்லது. காலத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் திசைவேகம் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு, வேகத்தையும் துண்டின் அகலத்தையும் பெருக்கிக் கூட்டினால் தொலைவு தோராயமாகக் கிடைக்கும். துண்டுகள் மெலிய மெலியத் தோராயம் துல்லியமாகும். நான்காவது அலகில் மாறும் விசை செய்யும் வேலையும் இதே முறையில் வரும். சுருள்வில்லை இழுக்க இழுக்க விசை நேர்க்கோடாகக் கூடுவதால் வேலை ஒரு முக்கோணப் பரப்பு. சூத்திரத்தில் உள்ள 1/2 அந்த முக்கோணத்தின் 1/2.

கோணமும் வெக்டரும்

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் செங்கோண முக்கோணத்துக்குள் நின்றுவிடுகிறது. கோணம் பாகையில் இருக்கும், 90ஐத் தாண்டாது. பிளஸ் ஒன்னில் கோணம் ரேடியனுக்கு மாறும், எந்த அளவுக்கும் போகும். அலகு வட்டத்தை வரைந்து சைன், கொசைன் மதிப்புகளின் குறி நான்கு கால்பகுதிகளிலும் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடுவது கோடைக்கு உரிய வேலை. ரேடியன் ஏன் என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை உண்டு. 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் 0.1736. சிறு கோணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் ஊசலின் சமன்பாடு எளிதாகிறது. சைனின் வகைக்கெழு கொசைன் என்ற விதியும் ரேடியனில் மட்டுமே உண்மை.

கோணங்களின் கூடுதல் வாய்பாடுகளும் இரட்டைக் கோண வாய்பாடுகளும் கணிதத்தில் மூன்றாம் பாடத்தில் வருகின்றன. எறிபொருளின் கிடைத்தள நெடுக்கம் இரட்டைக் கோணத்தின் சைனைப் பொறுத்தது என்பதால் 45 பாகையில் அது பெருமமாகிறது. 30 பாகைக்கும் 60 பாகைக்கும் ஒரே நெடுக்கம் வருவதும் அதனாலேயே.

வெக்டர் இயற்கணிதம் கணித நூலில் எட்டாம் பாடம். இயற்பியலுக்கு அதுவும் இரண்டாம் அலகிலேயே வேண்டும். ஒரு வெக்டரைக் கிடை, செங்குத்துக் கூறுகளாகப் பிரிப்பதையும், கூறுகளைக் கூட்டி மறுபடி வெக்டராக்குவதையும் தயக்கமின்றிச் செய்ய முடிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

விசைப்படம்

இயற்பியலில் கணிதம் தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது: எந்தச் சமன்பாட்டை எழுதுவது? மூன்றாம் அலகான இயக்க விதிகளில் இது முழுவீச்சில் எழும். ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்து வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாகக் காட்டுவது தனித்த பொருளின் விசைப்படம். ஒவ்வோர் அம்புக்கும் அந்த விசையைச் செலுத்துவது யார் என்று பெயர் சொல்ல முடிய வேண்டும்: பூமி, மேசை, கயிறு, காற்று. பெயர் சொல்ல முடியாத அம்பு இருந்தால் அது கற்பனை விசை, அழித்துவிட வேண்டும். முன்னோக்கி ஓடும் பந்துக்கு முன்னோக்கி ஒரு விசை வரைவது இந்த வகைப் பிழைகளில் தலையானது.

மேசை பொருளைத் தாங்கும் செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைப்பது அடுத்த பிழை. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மேல்நோக்கி 2 மீட்டர்/நொடி² முடுக்கத்தோடு எழும் லிஃப்டில் நிற்கும்போது தளம் அவரைத் தாங்கும் விசை 600 நியூட்டன். அவர் எடையோ 500 நியூட்டன்தான். சாய்தளத்தில் எடையின் கூறுகளில் எது சைன், எது கொசைன் என்று குழம்பும்போது, கோணத்தைப் பூச்சியமாக்கிப் பார்க்கலாம். தளம் படுத்துவிட்டால் பொருளைச் சரியவைக்கும் விசை இருக்காது. ஆகவே சரிவின் வழியிலான கூறு சைனைக் கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். இப்படி எல்லை நிலையில் விடையைச் சோதிப்பதும், இருபுற அலகுகளும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதும் தேர்வறையில் பல மதிப்பெண்களைக் காக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

தனி ஊசலுக்கு ஆய்வகம் தேவையில்லை. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை நீளத்தை அளந்து, 20 அலைவுகளுக்கான நேரத்தைக் கைபேசியில் குறித்து 20ஆல் வகுக்கலாம். 25 சென்டிமீட்டரில் அலைவு நேரம் 1 நொடிக்கு அருகிலும், 100 சென்டிமீட்டரில் 2 நொடிக்கு அருகிலும் வரும். 50, 75 சென்டிமீட்டரிலும் அளந்து, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தை வரைந்தால் வளைகோடு. அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைந்தால் நேர்க்கோடு. அந்தக் கோட்டின் சாய்வு மீட்டருக்கு ஏறத்தாழ 4 நொடி² இருக்கும். அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். 9.8 வராமல் 9.5 வந்தால் எங்கே தவறியது என்று தேடுவதிலேயே பிழைகள் பற்றிய முதல் அலகின் சாரம் புரிந்துவிடும்.

படிக்கும் முறையும் காலமும்

எடுத்துக்காட்டுக் கணக்கைத் தீர்வோடு வாசித்து, புரிந்துவிட்டது என்று பக்கத்தைப் புரட்டுவது மிகப் பரவலான பழக்கம். தீர்வை மூடிவைத்து வெற்றுத் தாளில் செய்து, சிக்கிய இடத்தில் மட்டும் ஒரு வரி பார்த்து, பிறகு முழுவதையும் மறுநாள் மீண்டும் செய்து பார்த்தால்தான் அது கைவசமாகும். தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு வைத்து, தவறு இயற்கணிதத்திலா, கருத்திலா, வினாவை வாசித்ததிலா என்று பக்கத்திலேயே எழுதி வருவது நல்லது.

நுழைவுத் தேர்வுக்கான கனமான கணக்குத் தொகுப்புகளைக் கோடையில் திறக்க வேண்டியதில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின், 2021 முதல் தமிழிலும் நடத்தப்படுகிறது. அதை எழுத விரும்பும் தமிழ்வழி மாணவரும் முதலில் பாடநூல் கணக்குகளில் கை தேர்ந்த பிறகே அந்தத் தொகுப்புகளுக்குப் போவது முறை. மாநிலப் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப் பன்னிரண்டாம் வகுப்பை மட்டுமே பார்ப்பதால், பிளஸ் ஒன்னை மேம்போக்காகக் கடந்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதன் விலையை மாணவர்தான் கொடுக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என நுண்கணிதம் மட்டும் பல பாடங்கள். இயற்பியலில் மின்காந்தத் தூண்டலும் கதிரியக்கச் சிதைவும் வகைக்கெழுவின் மொழியிலேயே எழுதப்பட்டுள்ளன. அவை எதுவும் பிளஸ் ஒன் நுண்கணிதத்தை மறுபடி சொல்லிக்கொடுத்துத் தொடங்குவதில்லை.

விடுமுறையின் முதல் மூன்று வாரங்களை இயற்கணிதத்துக்கும் முக்கோணவியலுக்கும், அடுத்த இரண்டு வாரங்களை வரைபடங்களுக்கும் வெக்டருக்கும், எஞ்சியதை வகைக்கெழு, தொகையீடு ஆகியவற்றின் பொருளுக்கும் ஒதுக்கலாம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். இடைவிடாமல் தினமும் செய்வது முக்கியம். இயற்கணிதம் ஏற்கெனவே உறுதியாக உள்ளவர் நேரே வரைபடங்களில் தொடங்கலாம். எங்கே நிற்கிறோம் என்று அறிய, பத்தாம் வகுப்பு நூலின் இயற்கணிதப் பாடத்திலிருந்து பத்துக் கணக்குகளை நூலைப் பாராமல் அரை மணி நேரத்தில் செய்து பார்க்கலாம். இரண்டுக்கு மேல் தவறினால் முதல் மூன்று வாரங்களைச் சுருக்கக் கூடாது. பள்ளி திறக்கும்போது தொகையீடு மட்டும் பாக்கி இருந்தால் பாதகமில்லை. இயற்பியல் வகுப்பு முதல் அலகான அளவீட்டியலில் இருக்கும் வாரங்களின் சனி, ஞாயிறுகளில் அதை முடித்துக்கொள்ளலாம்.